வண்டிக்குப் பின்னால் நிற்கவைத்தவர்

செலின் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். ட்ரெய்லர் மாட்டும் கொக்கியை சேசிஸில் பிடிக்கிற போல்ட்டுகளில் மூன்றை முறுக்கியாயிற்று, ஒன்று பாக்கி. ஆவூரிலிருந்து அவருடைய தம்பி பேசினார். “அக்கா போயிருச்சுங்க. காலையில எந்திரிக்கல.”

நான்காவது போல்ட்டையும் முறுக்கிவிட்டு வெளியே வந்து சொன்னேன். வண்டிக்காரர், கட்டுமாவடியில் மூன்று படகு வைத்திருப்பவர், உச்சுக் கொட்டினார். அடுத்த மூச்சிலேயே, “அப்ப கொக்கி மட்டும் போதும் தம்பி. லைட்ட மெதுவாப் பாப்போம். நான் பகல்லதானே ஓட்டப்போறேன்” என்றார். அவருடைய சாவியை என் பையில் போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினேன்.

அறந்தாங்கியில் செலின் அக்காவும் நானும் ஆறு வருடம் ஒரே பட்டறையில் வேலை செய்தோம். வெல்டிங், கொக்கி என் பாடு. வயரிங் அவர் பாடு. வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைத் தாண்டி என்னிடம் வந்து, “எலெக்ட்ரீசியன் இல்லையா?” என்பார்கள். “எதிர்ல நிக்கிற ஆளே ஒங்களுக்குத் தெரியல. அப்ப ஒங்க வண்டிக்கு ரெண்டு லைட்டு கூடப் போடணும்” என்பார் அக்கா. சிரிக்காமல் சொல்வார். வந்தவர்தான் சிரிக்க வேண்டியிருக்கும்.

எங்களுக்குள் சண்டையும் உண்டு. கொக்கி இரும்புதானே, கரண்டு திரும்பிப் போக அதுவே எர்த் கொடுக்கும், தனியாக எர்த் வயர் எதற்கு என்று நான் ஒருமுறை வாதாடினேன். “ஒன் கொக்கி இழுக்கட்டும்டா, போதும். அதுல கிரீஸ் தடவுனா கரண்டு வராது. குழியில ஏறி எறங்குனா லைட்டு கண்ணடிக்கும்” என்றார். ஒரு வாரம் பேசவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

அவர் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைப் பற்றிய என் பெருமை அங்கேதான் இருக்கிறது. முதன்முதலில் படகு ட்ரெய்லருக்கு வயரிங் செய்தபோது, லாரிக்குப் போடுவதுபோல் விளக்குகளை ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்திலேயே பொருத்திவிட்டார். பத்தாம் நாள் அந்த ட்ரெய்லரின் சொந்தக்காரர், உப்பேறிப் பச்சை பிடித்த வயரைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். அக்கா சாக்குச் சொல்லவில்லை. பஸ் ஏறிக் கட்டுமாவடிக்குப் போனார். பிரேக்கை மிதித்தபடி ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்குவதையும், சூடாக இருந்த பல்பு கடல் நீர் பட்டு வெடிப்பதையும் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தார். “கடல்ல எறங்குற வண்டிய கரையில நின்னு யோசிச்சிருக்கேன்” என்றார் திரும்பி வந்து.

மறுநாள் ஒரு பலகையில் விளக்குகளைப் பூட்டி, படகின் பின்பக்கத்தில் மாட்டுகிற மாதிரி செய்தார். தண்ணீருக்குப் போகும்முன் பிளக்கை உருவி, பலகையைக் கழற்றிக் கரையில் வைத்துவிடலாம். கட்டுமாவடியில் இன்று அதற்குச் ‘செலின் பலகை’ என்றே பெயர். எந்தப் பொறியியல் கல்லூரியும் அவரை அழைத்துப் பேசவைக்கவில்லை.

வேலை முடிந்தாலும் அவர் சாவியைத் தரமாட்டார். வண்டிக்குச் சொந்தக்காரரே பின்னால் போய் நின்று, எந்த விளக்கு எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவரை அனுப்பினால் ஒத்துக்கொள்ளமாட்டார். வெள்ளை வேட்டியில் வந்த ஒரு பெரிய மனிதர், “என்னையா நிக்கச் சொல்ற?” என்று எகிறினார். “வண்டி ஒங்களதுதானுங்களே. ஓட்டுறவருக்கு முன்னாடி தெரிஞ்சாப் போதும். பின்னாடி வர்ற ஆளு ஒங்க லைட்ட நம்பித்தான் வாரான்” என்றார் அக்கா. பெரிய மனிதர் பின்னால் போய் நின்றார்.

விளக்கில்லாத ட்ரெய்லரில் மோதிச் செத்தவனைக் குடித்திருப்பான் என்று சொல்லிக் கதையை முடிக்கிற ஊர் நம்முடையது. செத்தவன் பெரும்பாலும் டிவிஎஸ்ஸில் மீன் கூடை கட்டிப் போனவன். அவனுக்காகப் பேச வசதியானவர் எவரும் வந்ததில்லை. அக்கா பேசவில்லை. ஆனால் விளக்குப் போடாத ஒரு ட்ரெய்லரையும் எங்கள் பட்டறை வாசலைத் தாண்ட விட்டதில்லை.

ஆவூர்க் கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த மறுநாள், அந்தப் பிக்கப் வண்டிக்காரர் ட்ரெய்லரை வேறொரு வண்டியில் இழுத்துக்கொண்டு சாவி கேட்டு வந்தார். நான் வயரிங்கைத் தொடங்கியிருந்தேன். அக்கா ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு எனக்கு மத்தியானம்வரை ஆனது. எர்த் வயரைத் தனியாகவே இழுத்தேன். ட்ரெய்லரைப் பூட்டி, படகு இல்லாததால் அதன் பின்முனையில் பலகையை மாட்டி, பிளக்கைச் சொருகினேன்.

“பின்னாடி போயி நில்லுங்க.”

“அதான் அந்தம்மா இல்லையே தம்பி. பகல்ல ஓட்டுறதுக்கு என்னத்துக்கு இதெல்லாம்?”

“பகல்ல பிரேக் போடமாட்டீங்களா? படகு ஏத்துனா வண்டி லைட்டு பின்னாடி தெரியாது. போயி நில்லுங்க.”

போனார். மிதித்தேன்.

“என்ன தெரியுது?”

“செவப்பு.”

“ரெண்டு பக்கமுமா?”

குனிந்து பார்த்திருப்பார். “ரெண்டு பக்கமும்.”

சாவியைக் கொடுத்தேன். அக்காவின் ஸ்குரூடிரைவர்களையும் டெஸ்ட் லாம்பையும் அவர் தம்பி வந்து எடுத்துப்போகட்டும். வண்டிக்குச் சொந்தக்காரனை வண்டிக்குப் பின்னால் நிற்கவைக்கிற அந்த அதட்டலை நான் வைத்துக்கொள்கிறேன்.