வேன் எட்வேட் வைத்த பட்டப்பெயர்

எட்வேட்டின் வேனில் போகும் பிள்ளைகள் அழுவதில்லை என்று கொட்டாஞ்சேனைப் பெற்றோர் மத்தியில் ஒரு பேச்சு இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், பாடசாலை வேன் ஓட்டத் தொடங்கி ஏழு வருடமாகிறது. ஜிந்துப்பிட்டியில் முதல் பிள்ளையை ஏற்றி, மாளிகாவத்தை வழியாக வெள்ளவத்தையிலுள்ள பாடசாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினான்கு பேரையும் எப்படியாவது சிரிக்க வைத்துவிடுவார். அது தன்னுடைய கெட்டித்தனம் என்று நினைத்திருந்தார்.

சென்ற வருடத் தொடக்கத்தில் அர்பா புதிதாகச் சேர்ந்தாள். மாளிகாவத்தைத் தொடர்மாடி வீட்டுப் பிள்ளை, நான்காம் வகுப்பு. பெயரைக் கேட்டதும் "அ... அ... அ..." என்று திக்கினாள்.

"பரவாயில்ல மகள், நம்மட வேனும் இப்பிடித்தான். ஸ்டார்ட் எடுக்க நேரம் போகும்," என்றார் எட்வேட்.

வேன் முழுக்கச் சிரிப்பு. அர்பாவும் சிரித்தாள் என்றுதான் அன்று அவருக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து அவள் பெயர் 'ஸ்டார்ட்டர்'. அவள் படியில் கால் வைத்ததும் பின்சீற்றிலிருந்து "டுர்... டுர்..." என்று சத்தம் எழும். ஒருநாள் எட்வேட்டும் சாவியைத் திருப்பி, என்ஜினை விக்க வைத்து, அந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டார். அர்பா ஜன்னல் பக்கம் திரும்பி, தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கண்ணாடியில் அவர் அதைக் கண்டார். கண்டும் வண்டியை எடுத்தார்.

ஜூன் மாதத்தில் அவள் வருவது குறைந்தது. பிறகு ஒரு வாரம் வரவேயில்லை. திங்கட்கிழமை அவளுடைய உம்மா ஷபீகா மட்டும் கீழே இறங்கி வந்தாள்.

"விடிஞ்சா சத்தி எடுக்கிறா அங்கிள். டொக்டர் ஒண்டுமில்ல எண்டுறார். இப்ப வீட்டிலயும் பேச்சில்ல. கொப்பியில 'வேன்' எண்டு மட்டும் எழுதிக் காட்டினா. இதுல யாரு என்ட புள்ளய நையாண்டி பண்ணுற?"

எட்வேட் திரும்பிப் பின்சீற்றைப் பார்த்தார். "சின்னப் பிள்ளைகள்தானே... நான் கண்டிக்கிறன்," என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "அர்பாவுக்கு ஆர் பட்டம் சொன்னது? வெக்கமில்லையா உங்களுக்கு?"

முன்சீற்றில் இருந்த ரொஷேல் மெதுவாகச் சொன்னாள். "நீங்கதானே அங்கிள் முதல்ல சொன்னது."

அந்தப் பிள்ளையின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். அன்று பின்னேரம் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் எட்வேட் நேரே மாளிகாவத்தைக்குப் போய் மூன்று மாடி ஏறினார்.

ஷபீகா கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"மகள், காலையில நான் உங்களுக்கு முழுசாச் சொல்லல்ல. அர்பாவுக்கு 'ஸ்டார்ட்டர்' எண்டு பட்டம் வச்சதே நான்தான்."

"ஒங்கள நம்பித்தானே அங்கிள் அனுப்பின," என்றாள் ஷபீகா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது.

அறைக்குள்ளிருந்து அர்பா வந்து உம்மாவின் பின்னால் நின்றாள். எட்வேட் அவளுடைய உயரத்துக்குக் குனிந்தார். "நான் செஞ்சது பெரிய பிழை அர்பா. மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவள் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. அவளுக்காகச் சொல்லி முடிக்கத் துடித்த நாக்கை அவர் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏ... ஏன் அங்கிள் அ... அப்பிடிச் சொன்ன?"

"மத்தவங்க சிரிக்கணும் எண்டு," என்றார். அதைவிட நல்ல காரணம் ஒன்று தன்னிடம் இருக்கும் என்று படியேறும்போது நினைத்திருந்தார். இருக்கவில்லை.

மறுநாள் வேன் புறப்படுமுன் பிள்ளைகள் எல்லோரிடமும் சொன்னார். "பிழை என்னுடையது. நீங்க என்னைப் பார்த்துப் பழகினீங்க. இனி இந்த வேனில ஆரையும் வச்சுச் சிரிக்கிறதில்ல. நான் மறந்தா நீங்க சொல்லுங்க." ரொஷேல் அன்றே ஒரு கொப்பித் தாளில் அர்பாவுக்குக் கடிதம் எழுதினாள். மற்றவர்களும் கீழே தங்கள் பெயரை எழுதினார்கள்.

அர்பா திரும்பி வரவில்லை. ஷபீகா அவளை இப்போது பஸ்ஸில் கூட்டிப் போகிறாள். பேச்சுப் பயிற்சிக்கும் அனுப்புகிறாள். கடிதத்தை அர்பா பத்திரமாக வைத்திருப்பதாக ஷபீகா ஒருமுறை ஃபோனில் சொன்னாள். எட்வேட்டைப் பற்றி அர்பா ஏதும் சொன்னதாக ஷபீகா சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு சின்னப் பிள்ளை புதிதாக ஏறியது. பெயரைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எட்வேட் என்ஜினை நிறுத்திவைத்தார்.