மகளின் இரட்டைக்கோடு நோட்டு

நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில், அரசு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நான். என் மகளும் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் தனியார் பள்ளியில் அவளைச் சேர்த்திருந்தோம். அந்த வருஷம் அவளுடைய தமிழ் வீட்டுப்பாடத்தை ஏறக்குறைய இரண்டு மாதம் நான்தான் எழுதினேன்.

பள்ளி திறந்த மாதமே டைரியில் சிவப்பு மையில் வந்துவிட்டது: ‘எழுத்து புரியவில்லை. வீட்டில் பயிற்சி தேவை.’ படித்ததும் முகம் சுட்டது. இதே வாக்கியத்தை எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

அவள் படிப்பதில் மோசமில்லை. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். பென்சிலைக் கையில் கொடுத்தால்தான் வினை. எல்லா விரலாலும் இறுக்கிப் பிடிப்பாள். இரண்டு வரி போவதற்குள் கட்டைவிரல் வழுக்கி எங்கேயோ போய் நிற்கும். ஒருநாள் தாள் கிழியும் அளவுக்கு அழுத்துவாள், மறுநாள் எழுதியதே தெரியாது. ‘இ’ போடச் சொன்னால் சுழி தனியாகவும் வால் தனியாகவும் கிடக்கும். அவள் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். டிபன் டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்த நாட்களும் உண்டு. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தரைக்கு நான் வீடு திரும்புவேன். ஆறு மணிக்கு நோட்டை விரித்தால் ஒரு பக்கம் முடிய எட்டாகும். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழும். ஆடி மாதத்தில் ஒரு நாள் ஸ்கேலை எடுத்து விரல் முட்டியில் அடித்தேன். அவள் அழவில்லை.

“கை வலிக்குதும்மா” என்றாள்.

“எழுதாம இருக்கதுக்குச் சாக்கு சொல்லாத.”

அவள் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எவ்வளவு இழுத்தும் வெளியே எடுக்கவில்லை. நோட்டில் இன்னும் ஐந்து வரி மிச்சம் இருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நானே பென்சிலை எடுத்தேன். வலது கையால் எழுதினால் டீச்சர் எழுத்தாக வந்துவிடும்; பார்த்தவுடன் தெரிந்துபோகும். அதனால் இடது கைக்கு மாற்றினேன். ஆறு வயசுப் பிள்ளை எங்கே தடுமாறும், எந்தச் சுழியில் கோடு தாண்டும் என்பது எனக்குத் தெரியாததா?

மறுநாள் ஐந்து வரி அரைப் பக்கமானது. அடுத்த வாரம் முழுப் பக்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பரை வைத்துக்கொண்டு பார்ப்பாள். சில நாள், “இன்னும் கொஞ்சம் கோணலா எழுதும்மா” என்பாள். நானும் கோணலாக்குவேன். நோட்டில் நட்சத்திரம் விழ ஆரம்பித்தது. அதை அவள் ஒருநாளும் தன் அப்பாவிடம் காட்டியதில்லை. நான்தான் காட்டினேன்.

என் கணவர் நிலஅளவைத் துறையில் இருக்கிறார். நாள் முழுக்க வெயிலில் அலைந்துவிட்டு எட்டு மணிக்கு மேல்தான் வருவார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, இவ்வளவு முன்னேறிட்டியே” என்று மகளைத் தூக்கிக்கொள்வார். அவள் என்னைப் பார்ப்பாள். நான் சோற்றுப் பானையைப் பார்ப்பேன்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. சனிக்கிழமை தமிழ்க் கையெழுத்துப் போட்டி, பெற்றோர் பார்க்க வரலாம். வகுப்பில் பெரும்பாலும் வாய்ப்பாடம்தான் என்பதால், வீட்டுப்பாட நோட்டைப் பார்த்தே வகுப்புக்கு ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். என் மகள் அதில் ஒருத்தி. அன்றைக்கே என் கணவர் திசையன்விளையிலிருக்கும் தன் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டார். சனிக்கிழமை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளைப் பிடித்து வைத்து எழுதச் சொன்னேன். எழுத எழுத இன்னும் மோசமாகியது. வெள்ளிக்கிழமை விழித்துக்கொண்டே ஒரு கனவு கண்டேன்: அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, பள்ளிக்குப் போகவில்லை. அவளிடம் பைய கேட்டேன், காலையில் உடம்பு சரியில்லை என்று அப்பாவிடம் சொல்கிறாயா என்று. உடனே தலையாட்டினாள். “வயித்து வலின்னு சொல்லவா, காய்ச்சல்னு சொல்லவா? காய்ச்சல்னா தொட்டுப் பாத்திருவாரு” என்றாள். என்னைவிட நன்றாகவே யோசித்திருந்தாள். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். ஆனால் என் கணவரிடம் உண்மையைச் சொல்லும் தைரியமும் எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை வகுப்பின் பின்பக்கம் பெற்றோருக்குப் பெஞ்சு போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்தார்கள். கரும்பலகையில் மூன்று வாக்கியம்: மழை பெய்தது, குளம் நிறைந்தது, மயில் ஆடியது. அவளுடைய வகுப்பு ஆசிரியை, என்னைவிட வயதில் இளையவர், தொடங்கலாம் என்றார். மற்ற நான்கு தலைகளும் குனிந்தன. என் மகள் மட்டும் பென்சிலை வைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். எழுது என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன்.

அவள் வலது கையிலிருந்த பென்சிலை இடது கைக்கு மாற்றினாள்.

அந்தக் கையால் அவள் ‘ம’ போட முயன்றாள். பென்சில் கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் இடது கையிலேயே பிடித்தாள். ஆசிரியை பக்கத்தில் குனிந்து, ஏன் இந்தக் கையால் எழுதுகிறாய் என்று கேட்டார்.

“அம்மா இந்தக் கையாலதான எழுதுதா. அப்பத்தான ஸ்டார் போடுவீங்க” என்றாள் என் மகள். அதில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் திரும்பவே இல்லை. ஆசிரியை அவளிடமிருந்து தாளை வாங்கி வைத்துவிட்டு, நீ படம் வரை என்று வேறு தாள் கொடுத்தார். போட்டி முடிந்து எல்லோரும் போனபிறகு எங்கள் இருவரையும் இருக்கச் சொன்னார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், ஸ்கேலால் அடித்தது உட்பட.

அவர் சத்தம் போடவில்லை. “நீங்களும் டீச்சர்தானே. அவளுக்கு எழுத வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேனே. ரெண்டு மாசமா உங்க எழுத்தைத்தான் திருத்தியிருக்கேன்” என்றார்.

என் கணவர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் மகளின் பொத்தானைப் போட உட்கார்ந்தவர், அவளையே போடச் சொல்லிப் பார்த்தார். ஒரு பொத்தானுக்கே அவள் நெற்றி வியர்த்துவிட்டது. “இது சோம்பேறித்தனம் இல்ல. யாரிட்டயாவது காட்டணும்” என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் ஒரு தெரபிஸ்டிடம் கூட்டிப்போனோம். அவர் பென்சிலையே எடுக்கவில்லை. சுவரைத் தள்ளச் சொன்னார், மொச்சைப் பயறைப் பொறுக்கிப் பாட்டிலுக்குள் போடச் சொன்னார், கத்தரிக்கோலைக் கொடுத்தார். அவள் கட்டைவிரலை மெல்ல வளைத்தார். அது அநாயாசமாகப் பின்பக்கம் சாய்ந்தது. மூட்டு இளக்கமாக இருக்கிறது, தோளிலும் மணிக்கட்டிலும் இன்னும் பலம் வரவில்லை, அதனால்தான் விரல் எல்லா வேலையையும் தானே செய்யப் பார்க்கிறது என்றார். பிறகு என்னிடம், “கை வலிக்குதுன்னு சொல்லியிருப்பாளே?” என்று கேட்டார்.

சொன்னாள் என்றேன்.

“நிஜமாவே வலிச்சிருக்கும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். அந்த விரல்களை என் கைக்குள் வைத்துக்கொண்டு வண்ணார்பேட்டை வரை வெளியே பார்த்தபடியே வந்தேன்.

அதன்பிறகு வீட்டில் ஈரத்துணி பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, சுவரில் சின்னச் சாக்பீஸ் துண்டால் வரைவது எல்லாம் அவள் வேலை. எழுத்துவேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டபோது பள்ளி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டு நிரம்பாவிட்டால் இரண்டாம் வகுப்புக்கு எப்படி அனுப்புவது என்று தலைமை ஆசிரியை கேட்டார். அரைமணி நேரம் வாதாடினோம். கடைசியில் அந்த வகுப்பு ஆசிரியைதான் நான்கு வரி எழுதினால் போதும், மீதியை வாய்மொழியாகக் கேட்டுக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றார். என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார்.

தெரபிஸ்டைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த திங்கட்கிழமை என் வகுப்பில் நோட்டுகளைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தேன். எழுத்து சரியில்லை என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பலமுறை நான் உட்கார வைத்து எழுதச் சொன்ன ஒரு பெண்பிள்ளை பென்சிலை மூன்று முறை கீழே போட்டாள். அவளிடம் இரண்டு வரி போதும் என்றேன். திட்டப் போகிறேன் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டாள்.

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. எழுத்து அழகில்லை, ஆனால் வாசிக்க முடிகிறது. மெதுவாக எழுதுகிறாள், வலி இருந்தால் நிறுத்திவிட்டுச் சொல்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவே இன்னும் ஒன்று சரியாகவில்லை. அவள் எழுதும்போது நான் தண்ணீர் கொடுக்கத்தான் போவேன். பக்கத்தில் போனதும் மற்றொரு கையால் நோட்டை மூடிக்கொண்டு, நான் நகரும்வரை காத்திருக்கிறாள்.