தேவம்மா வைத்த ஒப்பாரி

தேவம்மாவை ஊரில் ஒருத்தரும் கெட்டவள் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "தேவம்மாவப் பாரு, புருஷன் மேல எப்படி உசுரா இருந்தவ" என்று மாமியார்கள் மருமகள்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது காதில் விழுந்தால் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள். அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள். மெச்சுவது என்று தீர்மானித்துவிட்டவர்களிடம் யார் என்ன சொல்ல முடியும்?

பிறந்தது ஹனூர்ப் பக்கம். வாக்கப்பட்டது மைசூருக்குத் தெற்கே, நஞ்சன்கூடு ரோட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில். அப்போது ஹனூர் வெள்ளைக்காரன் சீமை, இது மகாராஜா சீமை. எல்லை தாண்டி வந்தவளுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. வீட்டுக்குள் தமிழ்தான் என்றாலும் கடைக்குப் போனால் விழிப்பாள். உப்புக்குக் கன்னடத்தில் என்ன என்று வந்த புதிதில் புருஷனிடம் கவலையோடு கேட்டாள். "அது ரொம்பக் கஷ்டமான வார்த்தை, ஒரே நாள்ல வாயில நுழையாது" என்று லிங்கப்பன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னான். அங்கேயும் உப்பு உப்புதான் என்று கடைக்காரன் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

அப்படிப்பட்ட மனிதன். கோபம் வரும், சோறு வேகிற நேரம்கூட நிற்காது. அவர்களுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளையும் பிளேக் கொண்டுபோயிற்று. மூன்றாவதாகப் பிறந்த நஞ்சுண்டசாமி ஒருத்தன்தான் மிச்சம். அவன் தும்மினால்கூட தேவம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். அவனுக்குப் பெண் பார்த்து, ஹனூரிலேயே முடிவாகி, வாசலில் பந்தக்காலும் நட்டாயிற்று. ஜெர்மன்காரன் சண்டைக்கு இரண்டொரு வருஷம் முந்தி அது.

கல்யாணத்துக்கு ராகி அரைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ராகியைக் களத்தில் குழி வெட்டிக் கொட்டி மூடிவைப்பார்கள். ஹகேவு என்று பேர். வாய் ஓர் ஆள் நுழையும் அளவுதான். உள்ளே பானை வயிறுபோல் அகலம், ஆளை விழுங்கும் ஆழம். கல்லால் மூடி மேலே மண்ணைப் போட்டுவிட்டால் ராகி வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் உள்ளே காற்று கெட்டுவிடும். ஆகவே கல்லை நகர்த்தினால் ஒரு நாள் முழுக்கத் திறந்து விடுவார்கள். பிறகு விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் கிட்டே போகக் கூடாது. நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

லிங்கப்பனுக்கும் தெரியும். காலையில் கல்லை நகர்த்தினான். உச்சிப்பொழுது தாண்டியதும் தேவம்மா விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவன் தயங்கினான்.

"எறக்கி அணைஞ்சு போச்சுன்னா என்ன பண்றது? பந்தக்கால் நட்ட வீடு. நாமளே நம்ம விளக்க அணைச்ச மாதிரி ஆயிரும்."

அவளுக்கும் சுருக்கென்றது. கல்யாண வீட்டில் விளக்கு அணைவதைவிடப் பெரிய அபசகுனம் உண்டா? மறுநாள் திருகையில் அரைக்கப் பெண்களுக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. "காலையிலிருந்து தொறந்துதானுங்க கெடக்குது" என்றாள். விளக்கை அவளே கொண்டுபோய் மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவன் கூடையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினான்.

ஒரு கூடைகூட மேலே வரவில்லை. குனிந்தவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் பக்கவாட்டில் சாய்ந்தான். "ஏனுங்க" என்றாள். "ஏனுங்க, ஏனுங்க" என்று கத்தினாள்.

முதலில் அவளேதான் இறங்கப் போனாள். அதை மறைக்க வேண்டாம். வலது காலை உள்ளே விட்டு, குனிந்து பார்த்தாள். உள்ளிருந்து புளித்த வாடை முகத்தில் அடித்தது, தலை கிறுகிறுத்தது. காலை வெளியே இழுத்துக்கொண்டாள். பயந்துவிட்டாள். அதற்கு வேறு பேர் எதுவும் கிடையாது.

கத்தலைக் கேட்டு எட்டிப்பார்த்த ஒருத்தன், பக்கத்துத் தெருவிலிருக்கும் லிங்கப்பனின் கூட்டாளி கெம்பையனைக் கூட்டிவர ஓடினான். அதற்குள் மகன் வந்துவிட்டான். துண்டை உதறி எறிந்துவிட்டுக் குழிவாயில் காலை வைத்தான். தேவம்மா பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"விடும்மா. அப்பா உள்ள கெடக்கறாரு."

"வேண்டாம்டா. கெம்பையனுக்கு ஆள் போயிருக்குது. கவுறு வரட்டும்."

"கவுறு வர்ற வரைக்கும் அவர் இருப்பாரா? விடு."

மண்வெட்டி பிடித்த உடம்பு அவனுக்கு. அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குழியை நோக்கி நகர்ந்தான். இனி ஒரு உதறல் உதறினால் போய்விடுவான் என்று அவள் கைகளுக்குத் தெரிந்தது. ஒரு கையால் அவன் வேட்டியைப் பற்றியபடியே, தலையைக் குழிவாயில் தாழ்த்திக் கேட்டாள். உள்ளே லிங்கப்பன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். குறட்டைபோல, இழுத்து இழுத்து. அது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

தலையை நிமிர்த்தி மகனைப் பார்த்தாள்.

"போயிட்டாருடா சாமி. மூச்சு இல்ல. இனி எறங்கி என்ன பண்ணப் போறே?"

நஞ்சுண்டசாமியின் உடம்பு அப்படியே தளர்ந்தது. அவள் மடியில் தலையைப் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவன் அழுகை ஓய்கிற இடைவெளியில் குழிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மேலே வந்தது. எந்த நிமிஷமும் அவன் காதில் விழும். தேவம்மா வாயைத் திறந்து ஒப்பாரி வைத்தாள்.

அவள் அதிர்ந்து பேசிக்கூடக் கேட்டிராத ஊர் அது. அன்றைக்குத் தொண்டை கிழிய, மார்பில் அறைந்துகொண்டு, மூச்சு விடாமல் அழுதாள். குழிவாயை விட்டு நகர மறுத்தாள். கயிறும் ஆட்களுமாக ஓட்டமாக வந்த கெம்பையன் அந்த ஒப்பாரியைக் கேட்டதும் நடையைத் தளர்த்தினான், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். "போனவர எடுக்க அவசரம் வேண்டாம்ப்பா. காத்து வெளிய போகட்டும்" என்றான். நிதானமாக வேப்பங்கொப்புகளை ஒடித்துக் கட்டி, குழிக்குள் இறக்கி ஏற்றிக் காற்றைக் கலைத்தார்கள்.

சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் கெம்பையன் இறங்குவான், அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. அவனுக்கு முன்னால் மடியில் கிடக்கிறவன் குதிப்பான். சொல்லாவிட்டால்? அழுகைக்கு நடுவே குனிந்து குனிந்து கேட்டாள். மூச்சு இடைவெளி விட்டு வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு வரவில்லை. அதற்கப்புறம்தான் அவள் நிஜமாக அழுதாள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கருமாதி முடிந்த அன்று கெம்பையன் ஆறுதல் சொல்ல வந்தான். "உசுரு இருக்குதுன்னு துளி சந்தேகம் இருந்திருந்தாலும் இடுப்புல கவுறக் கட்டிக்கிட்டு நான் எறங்கியிருப்பேன் தங்கச்சி. இதுக்கு முந்தி ஒருத்தன அப்படித் தூக்கியிருக்கறேன். என்ன பண்றது, நம்ம கொடுப்பினை அவ்வளவுதான்." நல்ல மனசோடு சொன்னான். தேவம்மா தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து கெம்பையன் வீட்டு வழியாக அவள் நடந்ததே இல்லை.

நஞ்சுண்டசாமி அந்தப் பெண்ணையே மறுவருஷம் கட்டினான். பிள்ளைகள் பிறந்தார்கள். அம்மாவை ஒரு சொல் கடிந்ததில்லை. தன்னைப் பிடித்து நிறுத்தியவள் என்று அவளைக் கையில் வைத்துத் தாங்கினான். அவளோ உயிருள்ளவரை அவனை எதிரே உட்கார வைத்து நிம்மதியாக ஒரு பேச்சுப் பேசவில்லை. எது வாயில் வந்துவிடுமோ என்கிற பயம். பிள்ளை பிழைத்திருப்பதைப் பார்க்கும்போது செய்தது சரிதான் என்று இருக்கும். அவன் சிரிப்பு லிங்கப்பன் சிரிப்பாகவே இருப்பதைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விடும்.

மாளய அமாவாசைக்கு மகன் அப்பாவுக்குப் படையல் போடுவான். கும்பிட்டுவிட்டு இலையில் உட்காரும்போது ஒவ்வொரு வருஷமும் தவறாமல் ஒன்றைக் கேட்பான்.

"அப்பா கஷ்டப்பட்டிருக்க மாட்டாரில்லம்மா?"

"இல்லடா சாமி. நான் கூப்பிட்டப்பவே போயிட்டாரு."

அதைக் கேட்டபிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நின்று பரிமாறுவாள்.