நங்கையா பார்த்த கடல்

வழவழப்பான தாளில் அச்சிட்ட புத்தகம் அது. அட்டையில் நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த ஒரு தென்னை. தென்னை காங்கேயத்தில் பார்க்காததா? அந்தக் கடலைத்தான் நான் கண்டதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிக் கோயமுத்தூரிலிருந்து காங்கேயம் வந்த புதிதில், பத்திரிகையில் பார்த்த விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டேன். அந்தமான் சுற்றுலா வழிகாட்டி இலவசமாகவே தபாலில் வந்தது. தை மாதம் போவதென்று நானும் என் கணவரும் முடிவு செய்து, எந்தத் தீவில் தங்குவது, கடலடி தெரிய அடியில் கண்ணாடி பதித்த படகில் எங்கே ஏறுவது என்று பென்சிலால் குறித்து வைத்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்த நாட்கள் பிறகு அதிகமில்லை.

என் கணவர் வேலை பார்த்தது அவருடைய அக்கா வீட்டு எண்ணெய் மில்லில். அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். லீவு கேட்கப் போனபோது நங்கையா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "தையில மில்ல உட்டுப்போட்டு எப்படிக் கண்ணு போறது? உங்களுக்கு இன்னும் காலம் கெடக்குது. மொதல்ல நாங்க போயிட்டு வாரோம்" என்றார். அப்படித் தேனொழுகப் பேசித்தான் அவர் எதையும் பிடுங்கிக்கொள்வார். புத்தகம் திரும்பி வரவில்லை. அதிலிருந்த இங்கிலீஷைப் படித்துச் சொல்ல மட்டும் என்னைக் கூப்பிட்டார். நான் குறித்த தீவு, நான் குறித்த படகு, எல்லாம் அவருடைய பயணமாயிற்று. எனக்கு வயிறு எரிந்தது.

மாதம் மட்டும் அவர்கள் பார்த்து வைத்தது. ஆடியில் கல்யாணம் காட்சி கிடையாது, புதிதாக எந்தக் காரியமும் தொடங்க மாட்டார்கள். ஊர் சுற்றத் தோதான மாதம். அப்போது அங்கே கடும் மழை என்று வழிகாட்டியில் போட்டிருப்பதை ஒரு தடவை சொன்னேன். நங்கையா சிரித்தார். "ஆடியில என்ன கண்ணு மழை? காத்தும் சாரலுந்தான். குளுகுளுன்னு இருக்கும்." எங்கள் பக்கத்து ஆடி அப்படித்தான், மழையை மேற்கே மலை மறித்துக்கொள்ளும். நடுக்கடலில் மறிக்க என்ன இருக்கிறது? நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.

போய் இறங்கிய நாளிலிருந்து அங்கே கொட்டித் தீர்த்திருக்கிறது. படகே விடவில்லை. காயாத துணிகளோடு லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்கள். இதை நங்கையாவின் வீட்டுக்காரர் என் கணவரிடம் சொல்லிவிட்டார். நங்கையாவோ சொந்தக்காரர்கள் நடுவில் கண்ணாடிப் படகையும் அதற்கடியில் நீந்திய வண்ண மீன்களையும் வர்ணித்துக்கொண்டிருந்தார். எல்லாம் நான் படித்துச் சொன்ன வரிகள். எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. அதன் பிறகு ஒரு விசேஷம் விடாமல் நானே ஆரம்பித்து வைத்தேன். "நங்கையா, அந்தமான் போன கதையச் சொல்லுங்க. இவங்க கேட்டதில்லீங்க." அவர் முகம் ஒரு கணம் வெளிறும், பிறகு சொல்வார். அந்த ஒரு கணத்துக்காகவே பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பிப் போவேன்.

பிள்ளைகள், பள்ளிக்கூடம், மில் என்று நாங்கள் அந்தமான் போகவே இல்லை. சமீபத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் பழக்கம் விடாமல் கேட்டேன். நங்கையாவுக்கு வயதாகிவிட்டது, நினைவும் தடுமாறுகிறது. இந்த முறை அவர் முகம் வெளிறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தண்ணி இருக்குதே அம்மணி, அடியில கெடக்குற கல்லெல்லாந் தெரியும். ஒரு மீனு வந்து நின்னு என்னையே பாத்துது" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

அப்படி ஒரு மீன் வழிகாட்டியில் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, அந்தக் கடலையும் நானே அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.