பெட்டிக்குள் இருபத்தாறு வருஷம்

தொமியே போய்ச் சேர்ந்த பிறகு ஊரில் எல்லோரும் அவளைத் தங்கமான மனுஷி என்கிறார்கள். தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. பிடிவாதக்காரி. நாற்பது வருஷம் அடுத்த வீட்டில் இருந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

ஹகி துறைமுகத்தில் கணவாய் மீன் சுத்தம் செய்யும் கொட்டகையில்தான் அவளுக்கு வேலை. விடிந்ததிலிருந்து மதியம் வரை ஈரத்தில் நிற்பாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். வியாழக்கிழமை மட்டும் ஆரஞ்சுத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு என்னோடு கோயில் கூடத்துக்குத் தேநீர் கலக்க வருவாள். அங்கே பட்டுக் கிமோனோ கட்டிக்கொண்டு வருகிற சீமாட்டிகள் கிண்ணத்தின் நிறத்தைப் பார்த்து உருகுவார்கள். தொமியே கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்குவாள். "யாசு அக்கா, இது பாக்க ராணி, கைக்கு ராட்சசி. அடி கனம், சூடு சுருக்குனு ஏறுது" என்று என் காதில் சொல்வாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும். உதட்டில் படும் விளிம்பு எப்படி, கிண்ணம் நிற்கும் அடிக்கால் வளையம் விரலுக்கு வசமா, மத்து சுழல அடியில் இடம் இருக்கிறதா, எல்லாம் அந்த வெடித்த விரல்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டிலேயே இருந்த ஒரு கிண்ணத்தை இருபத்தாறு வருஷம் கையால் தொடவில்லை.

அவள் புருஷன் குராகிச்சிக்குச் சொந்தப் படகு இருந்தது. வாயைத் திறந்தால் திட்டு, மூடினால் முறைப்பு. ஒரே பையன் ஷூஹே. பத்தொன்பது வயதில், "எனக்கு மீன் வேணாம், படகு வேணாம்" என்று சொல்லிவிட்டு ஒசாகாவுக்குப் போனான். "போடா, அப்படியே போயிடு" என்று அப்பன் வாசலில் நின்று கத்தியது எங்கள் தெரு முழுக்கக் கேட்டது.

அதே வாரம், ஆயுசில் தேநீர்க் கூடத்துப் பக்கமே போகாத அந்த மனுஷன், மலையடிவாரச் சூளைக்குப் போய் ஒரு கிண்ணம் வாங்கி வந்தான். மரப்பெட்டி, மேலே தட்டையான கயிறு. தொமியேவிடம் சொன்னானாம்: "அவன் திரும்பி வந்து என் முன்னாடி உக்காரட்டும். அன்னிக்கு இதுல டீ கலக்கு. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

பையனுக்குக் கடிதம் போட்டானா? இல்லை. போன் பண்ணினானா? அதுவும் இல்லை. வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் காற்று காய்ந்திருக்கும் ஒரு நாளில் பெட்டியைத் திறப்பான். கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். திரும்பத் துணியில் சுற்றி, படகுக்காரன் முடிச்சு ஒன்று போட்டு அலமாரியில் ஏற்றிவிடுவான். தொமியே பெட்டியின் மேல் தூசி துடைப்பாள். அவளுக்குக் கிடைத்தது தூசிதான்.

பையன் வரவில்லை. அப்பன் போன பிறகுதான் வந்தான். அதுவும் சாவுக்கு இல்லை. கப்பலில் சரக்கு ஏற்றும் வேலையாம், லீவு இல்லையாம். நாற்பத்தொன்பதாம் நாள் அஸ்தி அடக்கத்துக்கு வருகிறேன் என்றான்.

அதற்கு நாலு நாள் முன்பு அவள் வீட்டுக்குப் போனேன். பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல கலக்கிக் குடுக்கப் போறேன் அக்கா. அதைக் குடிச்சான்னா ஓபோன் பண்டிகைக்கும் வருவான். அப்பா ஆத்மா வீட்டுக்கு வர்ற நாள்ல புள்ளை இல்லாம எப்படி? அவன்கிட்ட கேக்கணும்."

"கேளு. முதல்ல அதை ஊறப்போடு" என்றேன். "நம்ம ஊர் மண்ணைப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா? புழங்காத கிண்ணம் தண்ணியைக் குடிக்கும். ரெண்டு நாள் தண்ணியில போடு, அரிசிக் கஞ்சியில ஒரு கொதி விடு. இல்லேன்னா அவன் மடியிலதான் ஒழுகும்."

"கயிறை அவன்தான் அவுக்கணும்."

"அடி கூறுகெட்டவளே, நீ இன்னிக்கு அவுத்து ஊறவெச்சுட்டு நாளைக்கழிச்சுத் திரும்பக் கட்டிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள். "அது அவர் கடைசியாப் போட்ட முடிச்சு அக்கா. எனக்கு அந்த மாதிரி போடத் தெரியாது."

நான் கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு அவள் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கி நானே அவிழ்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அடக்கம் முடிந்தது. சாமியாரும் சொந்தக்காரர்களும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஷூஹேவுக்கு மூன்று மணி பஸ். தலையில் பாதி நரை, கறுப்புக் கோட்டு, விருந்தாளி மாதிரி முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தான். நான் செய்த ஆரஞ்சுத் தோல் மிட்டாயைத் தட்டில் வைத்தேன். தொமியே பெட்டியை அவன் முன் நகர்த்தினாள்.

"அப்பா உனக்குன்னு வெச்சிருந்தது. நீ போன வாரம் வாங்கினாரு."

அவன் முடிச்சைப் பார்த்தான். ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பு, கயிறு கழன்று விழுந்தது. "எனக்கு முதல் முதலாச் சொல்லிக் குடுத்த முடிச்சும்மா இது" என்று சிரித்தான். தொமியே முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கிண்ணம் வெளியே வந்தது. குராகிச்சியை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், ஆனால் அந்த விஷயத்தில் அவன் கண்ணுக்கு ஒரு கும்பிடு. பழுத்த லோக்காட் பழத்தின் மஞ்சள் நிறம். ஒரு பக்கம் பூச்சு லேசாக வழிந்து நின்றிருந்தது. அடிக்காலில் ஒரு வெட்டு, கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிற இடத்தில். தொமியே இரண்டு கையாலும் வாங்கினாள். "எவ்வளவு லேசு!" என்றாள்.

வெந்நீர் ஊற்றி, பொடி போட்டு, மூங்கில் மத்தால் கலக்கி அவன் முன் வைத்தாள். அவன் பள்ளிக்கூடத்தில் கற்றதை மறக்கவில்லை. கிண்ணத்தை எடுத்து, முகப்பு தன் வாயில் படாதபடி இரண்டு தரம் திருப்பினான். ஒரு வாய் குடித்தான்.

அதற்குள் அடிக்கால் ஈரமாகிவிட்டது. ஒரு சொட்டு அவன் கால்சட்டையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவன் கிண்ணத்தைத் தூக்கிக் கீழே பார்த்தான். பச்சை நீர் முத்து முத்தாகக் கசிந்துகொண்டிருந்தது.

"ஓட்டையா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "எனக்குன்னு வெச்சதும் ஓட்டைதானா அப்பாவுக்கு?"

"ஓட்டை இல்லடா!" என்று நான்தான் கத்தினேன். "புழங்கலை, அவ்வளவுதான். நீ ஹகியில பொறந்தவன்தானே? இது கூடவா மறந்துபோச்சு?"

தொமியே சொல்லியிருக்கலாம். உன் அப்பன் வருஷா வருஷம் இதை எடுத்துப் பார்ப்பான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளோ, "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று குனிந்து பாயைத் துடைத்தாள், அவன் காலைத் துடைத்தாள், திரும்பப் பாயைத் துடைத்தாள். அவன் பாதிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "பரவாயில்லம்மா, நல்ல கிண்ணம்தான்" என்றான். அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்கிற மரியாதை அது. ஓபோன் பேச்சையே அவள் எடுக்கவில்லை. பஸ் வந்தது, போய்விட்டான்.

மறுநாள் காலை அவள் வீட்டில் கஞ்சி கொதித்தது. அதில் கிண்ணம் கிடந்தது. அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை அதில்தான் அவளுக்குத் தேநீர். அடியில் ஒரு துணி விரித்துக்கொண்டு குடிப்பாள். மாதங்கள் போகப் போக பூச்சின் மயிரிழை விரிசல்களில் தேநீர் ஏறி, மஞ்சள் நிறம் பழுப்பாகி, கைபடும் இடமெல்லாம் மினுமினுத்தது. துணியில் விழும் ஈரம் தட்டளவு இருந்தது, காசளவு ஆனது. இரண்டாம் வருஷம் இலையுதிர் காலத்தில் என் வீட்டு வேலிப் பக்கம் நின்று, "அக்கா, நின்னுடுச்சு!" என்று கூப்பிட்டாள். கல்யாணப் பெண் மாதிரி கன்னம் சிவந்திருந்தது.

புத்தாண்டுக்கு அவன் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "கிண்ணம் இப்போ ஒழுகலைப்பா" என்றாள். அந்தப் பக்கம் என்னவோ சொன்னான். "சரிப்பா, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் இன்னும் இரண்டு வருஷம் இருந்தாள். போன நவம்பரில் கொட்டகையிலிருந்து வந்து கை கழுவும்போதே விழுந்துவிட்டாள். அந்தத் தடவை ஷூஹே உடனே வந்தான். அப்பன் சாவுக்குக் கிடைக்காத லீவு அம்மா சாவுக்குக் கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

தகனம் முடிந்த மறுநாள் காலை அந்தக் கிண்ணத்தில் நான் அவனுக்குத் தேநீர் கலக்கினேன். கடைசி வாய் வரை குடித்தான். குடித்து முடித்ததும் கவிழ்த்து அடிக்கால் பார்ப்பது எங்கள் வழக்கம்தான். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு விரலால் தடவினான்.

"காஞ்சிருக்கே அத்தை. எப்போ நின்னுச்சு?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அம்மா சொல்லவே இல்லையே."

"சொன்னா. போன்ல சொன்னா. நீ என்ன சொன்னேன்னு உனக்குத்தான் தெரியும்."

அவன் அழுதான். நாற்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு மனசு வரவில்லை.

கழுவித் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனான். கையைப் பிடித்துத் தடுத்தேன். "ஈரத்தோட வெச்சா பூஞ்சை பிடிச்சு நாறும். உள்ளே குடிச்ச தண்ணி காய ஒரு வாரம் ஆகும்."

"அப்போ இங்கயே இருக்கட்டும் அத்தை. அடுத்த வாரம் கண்டிப்பா வந்து எடுத்துக்கிறேன்."

இப்போது ஏப்ரல், வேலியோரம் ஆரஞ்சு பழுத்துத் தொங்குகிறது. கிண்ணம் எப்போதோ காய்ந்துவிட்டது. பெட்டி காலியாக என் அலமாரியில் இருக்கிறது. மறுபடி ஒழுக விட எனக்குச் சம்மதமில்லை, அதனால் வியாழக்கிழமைதோறும் நானே அதில் குடித்துக்கொண்டிருக்கிறேன்.