ஞானராஜ் சாரின் இடது முழங்கை

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் போன் அடித்தால் எடுக்கக் கூடாது என்பது ஞானராஜ் சார் போட்ட சட்டம். போன ஞாயிறு, மறுநாளைக்கு வருபவர்களின் பட்டியலைப் பார்க்கப் போயிருந்தபோது அடித்தது. எடுத்தேன். அவர் மகள் மெர்சி, “அண்ணே, அப்பா போயிட்டாரு” என்றாள். சட்டத்தை மீறியதற்கு என்னைத் திட்ட இனி ஆள் இல்லை.

அம்பத்தூரில் அவரிடம் பயிற்சிக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் அவர் இடது கை மடங்காது என்பது தெரியும். கேட்டால் “அது பழைய கதைப்பா” என்று முடித்துவிடுவார். அந்தப் பழைய கதை நான்தான். அந்தக் கையை உடைத்தவன் நான். இத்தனை வருஷம் அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துகொண்டு இதை உங்களிடம் மறைத்தேன்.

சார், கம்பெனி ஒன்றில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் வேலையை விட்டுவிட்டு, தொழிற்பேட்டையின் எஸ்டேட் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் அறை எடுத்தார். ‘தனிநபர் பயிற்சி. முன்பதிவு அவசியம்’ என்று போர்டு மாட்டினார். உடம்பு ஏற்றும் இடம் என்று நினைத்துப் பையன்கள் மாடியேறி, கர்லாக்கட்டை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் கற்றுக்கொடுத்தது பேச. அதிகாரி முன் நாக்கு எழாதவர்கள், வாயைத் திறந்தாலே சண்டையில் போய் நிற்பவர்கள், இப்படி ஒரு நேரத்தில் ஒருவர், ஐம்பது நிமிடம். ஆளுக்கொரு நீலக் கோப்பு, அது இரும்பு பீரோவுக்குள். ஐந்து நிமிடம் தாமதித்தால் கதவு திறக்காது. “இது தொண்டு இல்லப்பா, தொழில். தொழில்னா வர்றவன் நம்மள நம்பணும்” என்பார்.

எண்பதுகளின் நடுவில் நான் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தேன். ஃபோர்மேன் கோதண்டத்துக்கு வாயைவிடக் கை முந்தும். ஒருநாள் என் கூட்டாளி ஏழுமலையை அறைந்தார். அவன் மெஷின்மேல் விழுந்து, புருவம் கிழிந்து, முகமெல்லாம் ரத்தம். நாங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். கோதண்டம் செவ்வாய்தோறும் சைக்கிள் கடை மாடிக்குப் போகிறார் என்ற செய்தி இரண்டாம் வாரம் வந்தது. எங்களை உடைக்க அங்கே வழி கேட்கிறார் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்ட எனக்கு அப்போதெல்லாம் இரண்டு நிமிடம் போதும்.

மூன்று பேர் போனோம், பட்டப்பகலில். என் கையில் இரும்பு ராடு.

“கோதண்டம் ஃபைலு எங்க கீது? எட்த்து வெளிய போடு.”

“முன்பதிவு செஞ்சிருக்கீங்களா?” என்றார். கிண்டல் இல்லை. நோட்டைப் பிரித்தே பார்த்தார்.

மேஜையைக் கவிழ்த்தேன். கூட வந்தவன் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். மூக்கில் ரத்தம் வழிய, பீரோவில் முதுகைச் சாய்த்து, சாவியை இடது கைக்குள் மூடிக்கொண்டார்.

“சாவியக் குட்த்துட்டு முழுசா ஊடு போய்ச் சேரு.”

“உள்ள இருக்கறது என்னுது இல்லப்பா. குடுக்க எனக்கு உரிமையில்ல.”

ராடை இறக்கினேன். முழங்கை உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. விரல்கள் திறக்கவில்லை. மறுபடி அதே இடத்தில் அடித்தேன். சரிந்து விழுந்தார். அப்போதும் திறக்கவில்லை. கீழே சைக்கிள் கடைக்காரர் கூச்சல் போட, ஓடிவிட்டோம்.

கேட் மீட்டிங்கில் தினமும் கத்துகிற முகம் என்னுடையது. அவருக்கு அடையாளம் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டதற்கு, “யாருன்னு தெரியும். ஆனா என்கிட்ட வர்றவங்க விஷயத்த வெளிய சொல்றதில்ல” என்றாராம். ஆள் பயந்துவிட்டார் என்று டீக்கடையில் சிரித்தோம்.

வேலைநிறுத்தம் முடிந்து முதல் ஷிப்டு. கோதண்டம் எல்லோர் எதிரிலும் ஏழுமலை முன்னால் வந்து நின்றார். வியர்த்து ஊற்றியது. “ஏழுமல, ஒன்ன அடிச்சது தப்பு. இத்தச் சொல்றதுக்குத்தான் அந்த மாடில வாரா வாரம் பழகிகினு இருந்தேன். கை சட்டுனு வருது, இந்த வார்த்த வரமாட்டேங்குது” என்றார். ஏழுமலை மெஷினைப் போட்டான். பீரோவில் இருந்தது இவ்வளவுதான். திறந்து காட்டியிருந்தால் அவர் கை பிழைத்திருக்கும்.

மறுநாள் மாடியேறினேன். கழுத்தில் தொங்கிய மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் வாயெடுப்பதற்குள், “வாசல்ல நின்னு கேக்கற மன்னிப்பு எனக்கு வேணாம். வியாழக்கிழமை ஆறு மணி” என்றார். வியாழக்கிழமை ஏழு நிமிடம் தாமதமாகப் போனேன். கதவு சாத்தியிருந்தது. பலகை பிளக்கும்வரை உதைத்தேன். திறக்கவில்லை. அடுத்த வாரம் ஐந்தரைக்கே போய்ப் படியில் உட்கார்ந்தேன். உள்ளே போய், அழுது, கேட்டேன். “சரி, எழுதிக்கிட்டேன்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பிற்பாடு என்னையே உதவிக்கு வைத்துக்கொண்டபோதும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரிடம் இத்தனை வருஷமும் கிடந்தேன்.

தொண்ணூறுகளில் நூம்பலில் மனை விற்கும் தரகர் ஒருவர் வந்தார். நிலம் தராதவர்களைக் கை வைக்காமல் மிரட்டக் கற்றுத்தர வேண்டுமாம். சார் முடியாது என்றதும் அந்தத் தரகர் நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் எறிந்தார். கண்ணாடி சார் நெற்றியில் கீறியது. நான் அந்த ஆளின் கழுத்தைப் பிடித்துப் படிக்கட்டுவரை இழுத்துப்போய்விட்டேன். இன்னும் ஒரு தள்ளு, ஆள் காலி. சார் கைக்குட்டையை நெற்றியில் அழுத்தியபடி, “கைய எடு. அடுத்தவர் நேரம் ஆயிடுச்சு” என்றார். எடுத்தேன். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினேன்.

தான் போனபின் கோப்புகளை யாரும் பிரிக்காமல் அவரவரிடம் சேர்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். அடக்கம் முடிந்த மறுநாள் மெர்சி பீரோ சாவியையும் என் கோப்பையும் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கென்று கோப்பு தொடங்கியது நான் அழுத அந்த வியாழக்கிழமை என்றுதான் நினைத்திருந்தேன். முதல் பக்கத்தில் இருந்த தேதி நான் ராடோடு போன நாள். கீழே அவர் கையெழுத்து: ‘முதல் சந்திப்பு. முன்பதிவு இல்லாமல் வந்தார். பேச வரவில்லை. நேரம் கொடுக்க வேண்டும்.’

மண்ணில் வைத்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

அந்தக் கோப்பை நான் வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது பீரோவில் பத்திரமாக இருக்கிறது. சாவி என் கையில். நேரம் கேட்டுவிட்டு வாருங்கள்.