பம்ப் தேடி அலைந்த ஆப்பு

விறகுக்கடைக்காரருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருந்தது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. ஊருக்கு அவர் ஆப்பு. வாலிபத்தில் எப்பேர்ப்பட்ட முண்டுக் கட்டையையும் ஒரே ஒரு இரும்பு ஆப்பை அடித்து இறக்கிப் பிளந்துவிடுவார் என்பதால் வந்த பேர். "இன்னைக்கு யாருக்கு ஆப்பு?" என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள், ஏதோ தனக்குத்தான் முதலில் தோன்றிய நகைச்சுவை போல. அவரும் சிரித்து வைப்பார்.

ஆனால் கோடாலியைத் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. கழுத்தில் ஏதோ நரம்பு நசுங்கி, வலது கை தோளுக்கு மேலே போனால் மரத்துப்போகும். "இனிமே ஓங்கினீங்கன்னா கை உங்களோடது இல்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குக் கை என்றால் அந்த மெஷின்தான். டீசல் என்ஜின் பம்ப்பைச் சுற்றும், பம்ப் எண்ணெயை சிலிண்டருக்குள் தள்ளும், சிலிண்டரிலிருந்து தொடை பருமன் தண்டு ஒன்று வெளியே வந்து கட்டையை எதிரே நிற்கிற இரும்பு ஆப்பின்மேல் அழுத்தும். ஒரு கைப்பிடியை முன்னே தள்ளினால் போதும், கட்டை இரண்டாகிவிடும்.

பேக்கரிக்குப் பெரிய லோடு போக வேண்டிய வாரத்தில்தான் அது படுத்துக்கொண்டது. என்ஜின் ஓடியது. தண்டும் சும்மா இருக்கும்போது அழகாக வெளியே வந்தது. கட்டையைத் தொட்டதும் ஒரு முனகல், அப்படியே நின்றுவிட்டது.

"சீல் போயிருக்கும்" என்றார் ஆப்பு.

சிலிண்டரைத் திறந்து ஆயில் சீல்களை மாற்றினார்கள். பலனில்லை. அவருடைய மனைவி எண்ணெய்த் தொட்டிக்குள் கைவிட்டு அடியில் துழாவினாள். விரல் நுனியில் பளபளவென்று இரும்புத் தூள்.

"பம்ப்பு தன்னைத்தானே தின்னுக்கிட்டிருக்கு" என்றாள்.

கழற்றிப் பார்த்தால் அப்படித்தான். உள்ளே இருந்த இரண்டு பல்சக்கரங்களும் மழுங்கி, பம்ப்பின் உடம்பே ஒரு பக்கம் அரித்துப்போயிருந்தது. ஆப்பு அதை ஒரு பழைய துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைத்தெருவுக்குப் போனார். முதல் கடையில், "நம்பர் சொல்லுங்க" என்றார்கள். நம்பர் தகடு எப்போதோ தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அடுத்த கடையில் பம்ப்பை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பெனியே இப்ப இல்லண்ணே" என்றார்கள். இன்னொரு கடைக்காரர், "புது மெஷினே வாங்கிடுங்களேன்" என்றார், ஏதோ ஒரு டீ சாப்பிடுங்களேன் என்பதுபோல. ஆப்புக்கு வந்த கோபத்துக்குப் பம்ப்பை அவர் தலையில் போட்டிருப்பார். இருந்த ஒரு பம்ப்பும் போய்விடுமே என்று விட்டார்.

பழைய இரும்புக்கடையில், மலைபோல் கிடந்த குவியலுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேடி, ஒரு டிராக்டரிலிருந்து கழற்றிய பம்ப்பைக் கண்டுபிடித்தார். அளவு கிட்டத்தட்ட அதே. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே லேத் பட்டறைக்குப் போனார்.

லேத்காரர் அதன் தண்டைச் சுற்றிப் பார்த்தார். "இது இடது பக்கம் சுத்துற பம்ப்புண்ணே. உங்க என்ஜின் வலது பக்கம் சுத்தும். எனக்கு என்னமோ சரியா படல."

"மாட்டிப் பார்க்கலாம்."

"மாட்டினா ஓடலாம், வெடிக்கவும் செய்யலாம்."

"பேக்கரிக்காரர் வெள்ளிக்கிழமைக்கு மேல பொறுக்க மாட்டேங்கிறாரு. கேஸ் அடுப்புக்கு ஆள் வந்து அளவெடுத்துட்டுப் போயாச்சு. அவரும் போயிட்டா என் கடையில மிச்சம் இருக்கறது நானும் என் பொண்டாட்டியும்தான். எங்களை யாரு எரிப்பா?"

லேத்காரர் பம்ப்பைக் கழற்றினார். உள்ளே இருந்த பல்சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டு, என்ஜினையும் பம்ப்பையும் இணைக்க ஒரு இரும்புத் துண்டையும் கடைந்து கொடுத்தார்.

ஓடியது. முதல் கட்டை பிளந்தது. ஆப்பு சத்தம் போட்டுச் சிரித்தார். மனைவி அடுத்த கட்டையை வைக்கக் குனிந்தாள். அப்போதுதான் புதுப் பம்ப்பின் வேகம் தாங்காமல் பழைய ரப்பர் குழாய் வெடித்தது. சூடேறியிருந்த எண்ணெய் அவளுடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பீய்ச்சி அடித்தது. அவள் கத்தவில்லை, கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். பம்ப்பும் அதோடு சரி. தண்டு வெளிவரும் மூக்கில் விரிசல் விட்டு, எண்ணெயை ஒழுகவிட்டுக்கொண்டு கிடந்தது.

மருத்துவமனையிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டு, ஆப்பு ஷெட்டின் மூலையில் கிடந்த கோடாலியை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"பார்த்துக்கிட்டே இரு."

"வேண்டாங்க. சொன்னா கேளுங்க."

ஓங்கினார். கை மேலே போனது தெரிந்தது; அப்புறம் கை இருப்பதே தெரியவில்லை. கோடாலி பிடியை விட்டுப் பறந்து, அவள் உட்கார்ந்திருந்த கட்டைக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் குத்தி நின்றது. அவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். இடது கையால் வலது கையைப் பிசைந்தார். அது யாரோ ஒருவருடைய கைபோல் கிடந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உங்க தங்கச்சி வீட்டுக்குப் போங்க" என்றாள் அவள். "இதே மாதிரி மெஷின் இந்த ஊர்ல அங்க ஒண்ணுதான் இருக்கு."

அது அவருக்குத் தெரியாததில்லை. முதல் நாளே தெரியும். மூடிப்போன ஒரு மரத் தொழிற்சாலையிலிருந்து ஜோடி மெஷின்களாக அவரும் தங்கை புருஷனும் சேர்ந்துதான் வாங்கினார்கள். பேக்கரி வியாபாரம் யாருக்கு என்பதில் முட்டிக்கொண்டு, கூட்டுக்கடையை உடைத்து, ஆளுக்கொரு மெஷினாகப் பிரிந்தார்கள். "இந்த வாசப்படியை மிதிச்சா என்னைச் செருப்பால அடி" என்று அன்று ஆப்பு சொன்னதைத் தெருவே கேட்டது.

தங்கைதான் கதவைத் திறந்தாள். "அண்ணே" என்றவள், ஒதுங்கி வழிவிட்டாள். அவள் புருஷன் பின்கட்டில், தார்ப்பாய் போர்த்திய மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"வாங்க மச்சான். செருப்பு வாசல்லயே இருக்கு" என்றான்.

ஆப்பு அதை விழுங்கிக்கொண்டார். "மாப்பிள்ளை, எனக்கு உங்க பம்ப்பு வேணும். கொஞ்ச நாளைக்கு. பேக்கரி லோடு முடிஞ்சதும் திருப்பிக் கொண்டாந்து மாட்டிடறேன்."

மாப்பிள்ளை தார்ப்பாயை விலக்கினான். சிலிண்டரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்டு நடுவில் வளைந்து கோணிக்கொண்டு நின்றது. முடிச்சு விழுந்த அடிமரத்தைக் குறுக்கே வைத்து அழுத்தியிருக்கிறான். நாளாகிவிட்டது, தண்டில் துரு ஏறியிருந்தது.

"பம்ப்பு நல்லாத்தான் இருக்கு. சிலிண்டர்தான் போச்சு. தேடாத கடை இல்ல. கடைசியில உங்க மெஷின் எப்படா படுக்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன் மச்சான். மறைச்சு என்ன ஆகப்போகுது?"

ஆப்பு வளைந்த தண்டைத் தடவிப் பார்த்தார். தன்னிடம் சிலிண்டர் இருக்கிறது, பம்ப் இல்லை. இவனிடம் பம்ப் இருக்கிறது, சிலிண்டர் இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு மெஷின். ஒன்றே ஒன்று.

"அப்ப பம்ப்பைக் கொடுங்க. என் ஷெட்ல வச்சு ஆளுக்குப் பாதியா ஓட்டுவோம்."

"பம்ப்பு இந்த இடத்தை விட்டு நகராது. சிலிண்டரை இங்க கொண்டாங்க."

"என் கடையை நானே பூட்டணுமா?"

"என் கடை பூட்டித்தான கெடக்கு? யாராவது வந்து கேட்டீங்களா?"

ஆப்பு வாசல்வரை போனார். தெருவில் இறங்கியும் விட்டார். பிளக்காமல் கிடக்கிற கட்டைகள், கட்டுப் போட்ட கை, பேக்கரிக்காரரின் முகம் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன. இனி போய்க் கேட்க வேறு வாசல் இல்லை. திரும்பி வந்து பின்கட்டில் நின்றார்.

"வண்டி அனுப்புங்க" என்றார். "தூக்க எனக்குக் கை வராது."

மறுநாள் லேத்காரர் வந்து உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்கினார். புதுக் குழாய் மாட்டி, எண்ணெயை வடிகட்டி ஊற்றி ஓடவிட்டார். கட்டை கிழிந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை குழாயின் இணைப்புகளைத் தொட்டுத் தொட்டுக் கசிவு பார்த்தான். ஆப்பு, சிலிண்டர் இல்லாமல் தன் ஷெட்டில் நிற்கிற வெறும் இரும்புச் சட்டத்தை நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பேக்கரிக்கு லோடு போனது. பேக்கரிக்காரர் விறகைப் பார்த்தார், மெச்சவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேஸ் அடுப்பு பேச்சு இன்னும் ஓயவில்லை என்றுதான் கேள்வி.

இப்போது ஆப்பு தினமும் காலையில் தங்கை வீட்டுப் பின்கட்டுக்குப் போகிறார். கைப்பிடி அவர் பொறுப்பு. கட்டை தூக்கி வைப்பது மாப்பிள்ளை. "முன்னாடி", "பின்னாடி", "நிறுத்து". இந்த மூன்று சொல்லைத் தவிர இருவருக்கும் இடையில் வேறு பேச்சு இல்லை. மத்தியானம் தங்கை இரண்டு தட்டுகளை எடுத்து வைக்கிறாள். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.